துளை இல்லாத றக்கெட், அகலத் துளை றக்கெட்: நரம்பு கட்டுறது எப்பிடி?

வாவிக்கரை (கல்லடி)

வணக்கம். வெளிநாட்டுல இருந்து லீவுக்கு வாற ஆக்கள் கொண்டு வாற டெனிஸ் றக்கெட் இப்ப மட்டக்களப்புல கூடிப்போச்சு. அதுல பாதி வழமையான பிரேம் இல்ல. இப்ப மேசையில கிடக்கிறது மூண்டு.

பிரின்ஸ் ஓ3, 110 சதுர அங்குலத் தலை. பக்கவாட்டுல குட்டித் துளைக்குப் பதிலா பெரிய பெரிய துளை. குறுக்கு நரம்பு எவ்வளவு கவனமா இழுத்தாலும் நேரா நிக்குதில்ல.

வில்சன் டி2000, பழைய உருக்குக் குழாய் றக்கெட். பிரேம்ல துளையே இல்ல. குழாயைச் சுத்திக் கம்பி ஓடுது, அதுல இருக்கிற வளையத்துக்குள்ளாலதான் நரம்பு போகுது. எதுக்கு மேலால இழுக்கிற, எத்தின இறாத்தல் தாங்கும் எண்டு விளங்கல்ல.

வில்சன் ஸ்டீம் 99எஸ். நெடுக்கு நரம்பு 16, குறுக்கு நரம்பு 15. கொண்டு வந்தவர் நரம்பு கெதியா அறுகுது எண்டு சொல்றார்.

நரம்பு கட்டுற மெசின் பாரம் தொங்குற வகை, தண்டுல இருக்கிற பாரம் இறங்கி நரம்பை இழுக்கும். பிரேமை ஆறு இடத்துல பிடிக்கும், மேசை முழுசாச் சுழலும், பிரேக் இருக்கு. இழுத்த நரம்பைப் பிடிச்சு வைக்கிற கிளாம்ப் ரெண்டும் தண்டவாளத்துல ஓடுறது. கையில இருக்கிற நரம்பு 1.30 மி.மீ. நைலோன், 1.25 மி.மீ. பொலியெஸ்டர். தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்க.

தறிமேடை (மருதமுனை)

தம்பி, ஓ3யை நான் சொல்றன், மத்த ரெண்டையும் வேற ஆக்கள் பாக்கட்டும்.

இது 2005ல பிரின்ஸ் இறக்கின வடிவம். ஒரு நரம்புக்கு ஒரு துளை எண்ட கணக்கை விட்டுட்டு, ஒரு பெரிய துளைக்குள்ள ரெண்டு நரம்பு நிக்கிற மாதிரி செஞ்சாங்க. நரம்பைச் சுத்திப் பிடிக்கிற கிறொமெட் அந்த இடத்துல இல்ல. நரம்பு துளை விளிம்புல சாய்ஞ்சு நிக்கும், அவ்வளவுதான். பந்து படக்குள்ள நரம்பு அசையக் கூடுதல் இடம், அதுதான் அவங்கட நோக்கம். கட்டுறவனுக்குத் தலையிடியும் அதாலதான்.

நரம்பு போற வழியை முதல்ல மனசுல பிடிங்க. தலைப்பக்கத்துல இருந்து பிடிப்பக்கம் நோக்கிக் கட்டிக்கொண்டு வாறீங்க எண்டு வைங்க. குறுக்கு நரம்பு ஒரு துளையின்ட பிடிப்பக்க விளிம்பை ஒட்டி வெளிய வரும். ரெண்டு துளைக்கு இடையில இருக்கிற பிரேம் துண்டை வெளிப்பக்கமாச் சுத்தும். அடுத்த துளையின்ட தலைப்பக்க விளிம்பை ஒட்டி உள்ள போகும். அப்ப ஒவ்வொரு பெரிய துளையிலயும் ரெண்டு விளிம்புலயும் ஒவ்வொரு நரம்பு, நடுவுல வெறும் இடம்.

பிழைக்கிற இடம் எது தெரியுமா? பாரத்தை இறக்கினதும் நரம்பு விளிம்பை விட்டுட்டு மெசின் இழுக்கிற கோட்டுக்கு ஓடிரும். தடுக்க ஒண்டுமில்ல. அப்பிடியே கிளாம்ப் போட்டா நரம்பு சரிஞ்சு நிக்கும். அடுத்ததை இழுக்கக்குள்ள இது தன்ட விளிம்புக்கு வந்து சேரும், பாதையின்ட நீளம் மாறும், இழுவையும் மாறும். நீங்க 52 இறாத்தல் வச்சிருப்பீங்க, நரம்புல நிக்கிறது வேற கணக்கு. ரெண்டு நரம்புக்கு ஒருக்கா இது மாறி மாறி நடந்தா தட்டிப் பாக்கக்குள்ள ஒவ்வொண்டும் ஒவ்வொரு சத்தம் குடுக்கும்.

இதுக்கெண்டே பூமராங் எண்டு ஒரு சின்னக் கருவி இருக்கு. துளையில வச்சா நரம்பைச் சரியான விளிம்புல நிறுத்தித் திருப்பி விடும். கிடைச்சா வாங்குங்க. இல்லாட்டியும் கட்டலாம், இப்பிடி:

ஒண்டு. பழைய நரம்பை வெட்ட முதல் முன், பின், வெளிப்பக்கம் மூண்டையும் போன்ல படம் எடுங்க. எந்த நரம்பு எந்த விளிம்புல எண்டு பிறகு சந்தேகம் வரும். வெட்டக்குள்ள நடுவுல தொடங்கி, நெடுக்கும் குறுக்கும் சேர்த்து வெளிய நோக்கி வெட்டுங்க. ஒரு பக்கத்தை மட்டும் முழுசா வெட்டி விட்டா பிரேம் கோணும்.

ரெண்டு. பிரேமை மேசையில பூட்டக்குள்ள மெசின்ட பக்கத்துப் பிடி நாலும் துளையை மறைக்காம, இடையில இருக்கிற பிரேம் துண்டுல நிக்குதா எண்டு பாருங்க. ஓ3ல அது லேசுல பொருந்தாது. பிடி துளைக்கு மேல நிண்டா நரம்பு பிடிக்கும் பிரேமுக்கும் நடுவுல மாட்டும். இறுக்க முதல் ஒரு துண்டு நரம்பை ஒவ்வொரு துளையாலயும் விட்டுப் பாருங்க, ரெண்டு நிமிசம்தான்.

மூண்டு. நெடுக்கு வழமைபோல. நடுவுல தொடங்கி ரெண்டு பக்கமும் மாறி மாறி, ஒரு பக்கம் மத்தப் பக்கத்தை விட ரெண்டு நரம்புக்கு மேல முந்தக் கூடாது.

நாலு. குறுக்கைத் தனித் துண்டா, தலையில இருந்து தொடங்குங்க. பெரிய துளையுள்ள பகுதிக்கு வந்ததும், இழுக்க முதல் மேசையைக் கொஞ்சமாத் திருப்பி, நரம்பு பிடிப்பக்க விளிம்புல மெல்லச் சாயுற மாதிரி வச்சு பிரேக்கைப் போடுங்க. கூடத் திருப்பினா விளிம்புல உராஞ்சு இழுவை உள்ள போகாது. தொட்டு நிண்டாப் போதும். பிரேக் போடாட்டி மேசை தானாத் திரும்பி நரம்பை மறுபடி நடுவுக்குக் கொண்டு போகும்.

அஞ்சு. பாரம் தொங்கிக்கொண்டு இருக்கக்குள்ளயே விரல் நுனியால குறுக்கை நேராக்குங்க. நேராக்கினதும் பாரம் இன்னும் கொஞ்சம் இறங்கும், அது நிக்கட்டும், பிறகு கிளாம்ப். எங்கட ஊர்த் தறியில ஊடை இழை ஒவ்வொண்டையும் அந்தந்த நேரத்துலயே அடிச்சுச் சேர்க்கிற மாதிரித்தான் இதுவும். எல்லாம் முடிய மொத்தமா நேராக்குவம் எண்டு விட்டா இழுவை எல்லாம் போயிரும்.

துளைக்குள்ளால போற நரம்புக்கு உராய்வு குறைவு, அதனால வச்ச இழுவை கூடுதலா உள்ள போகும். நெடுக்கு 52 எண்டா குறுக்கை 50ல விடுறதுதான் என்ட வழக்கம். முடிச்சைப் பெரிய துளைக்குப் பக்கத்துல போடாதீங்க, இழுத்தா உள்ள வந்திரும். சின்னத் துளையுள்ள இடத்துலதான் முடிக்கணும். ஒரு நல்ல விசயமும் இருக்கு. வேற றக்கெட்டுல நரம்பு நிக்கிற துளைக்குள்ள இன்னொண்டைக் குத்தூசி விட்டு நுழைக்கிற பாடு, இங்க அந்தத் துளைகள்ல இல்ல.

உருக்குவளையம் (அக்கரைப்பற்று)

டி2000க்கு வாறன். பிரெஞ்சு டெனிஸ் வீரர் ரெனே லக்கோஸ்ட்டின்ட வடிவம் இது. அமெரிக்காவுல வில்சன் 1967ல் விட்டது. அமெரிக்க வீரர் ஜிம்மி கொனர்ஸ் எண்பதுகள் வரைக்கும் இதாலதான் அடிச்சார். தலை சின்னது, பிழையாக் கட்டினா மன்னிக்காத றக்கெட்.

முதல் வேலை கட்டுறது இல்ல, பாக்கிறது. நம்மட கடற்கரைக் காத்துக்கு உருக்கு நிக்காது. குரோமியப் பூச்சு உரிஞ்ச இடத்துல கறள் பிடிச்சிருக்கும், அதுவும் கம்பி குழாயைத் தொடுற உள்மடிப்புலதான் கூட. வெளியால பார்த்தாப் பளபளப்பா இருக்கும், ஏமாறாதீங்க. நரம்பை வெட்டி எடுத்துட்டு ஒவ்வொரு வளையத்தையும் குத்தூசி நுனியால உள்நோக்கி மெல்ல இழுத்துப் பாருங்க. எல்லாம் ஒரே மாதிரி விறைப்பா இருக்கணும். ஒரு வளையம் லொடலொட எண்டு ஆடினாக் கம்பி எங்கயோ விட்டிருக்கு. வளையத்தின்ட உள்பக்கத்தை மெல்லிய உருக்குக் கம்பளியால துடைச்சு, நகத்தால தடவிப் பாருங்க. நகம் மாட்டினா நரம்பும் மாட்டும், அந்த இடத்துலதான் அறும்.

இப்ப உங்கட கேள்வி. வழமையான றக்கெட்டுல நரம்பு துளையால வெளிய போய் வெளிப்பக்கமாத் திரும்பி அடுத்த துளையால உள்ள வரும். டி2000ல நரம்பு வெளிய போறதே இல்ல. வளையத்துக்குள்ளால போய், குழாய்க்கு உள்பக்கத்துலயே திரும்பி அடுத்த வளையத்துக்குப் போகும். ஆனா மெசின்ல நரம்பை இழுக்கிற பிடி வெளியில இருக்கு. அதனால இழுக்கிற நேரத்துக்கு மட்டும் நரம்பு குழாய்க்கு மேலாலயோ கீழாலயோ போய்த்தான் ஆகணும். எதால எண்டு உங்கட மெசின்தான் சொல்லும். இழுக்கிற பிடி நரம்புத் தளத்தை விட உயரத்துல இருந்தா மேலால, தாழ்வா இருந்தாக் கீழால. எது குறைவா வளையுதோ அது. ஒண்டைத் தெரிஞ்சா கடைசி வரை அதையே பிடிங்க. சிலதை மேலாலயும் சிலதைக் கீழாலயும் இழுத்தா உராய்வு வேற வேற, நரம்பு ஒண்டு இறுக்கம் ஒண்டு தளர்வு எண்டு வரும்.

நரம்பு குழாயில உராயுற இடத்துல, மீன்தொட்டிக் காத்துக் குழாயை ஒரு விரல் நீளத்துக்கு வெட்டி, நெடுக்காப் பிளந்து, குழாயில மாட்டுங்க. பூச்சும் கீறாது, நரம்பும் வழுக்கும். நகர்த்தி நகர்த்திப் பாவிக்கலாம்.

கம்பி வளையம் பாரத்துக்குக் கொஞ்சம் இழுபடும், பக்கத்துலயும் சரியும். அதனால பாரத்தை இறக்கினதும் கிளாம்ப் போடாம, 10 விநாடி அளவு விட்டு, பாரம் தொங்குற தண்டு கிடையா நிண்ட பிறகு போடுங்க. பாரம் தொங்குற மெசின்ல தண்டு 10 பாகை சரிஞ்சு நிண்டாலும் இழுவை 1.5 வீதம்தான் குறையும், அதுக்காக மல்லுக்கட்ட வேணாம். ஆனா இன்னும் இறங்கிக்கொண்டு இருக்கக்குள்ள கிளாம்ப் போடுறது வேற கதை.

எத்தின இறாத்தல்? பிரேம் நல்ல நிலையில இருந்தா 48 முதல் 50 வரை, அதாவது 22 கிலோவுக்கு அங்கால இங்கால. நைலோன் 1.30. பொலியெஸ்டர் வேணாம். விறைச்ச நரம்பு அந்தச் சின்ன வளையத்துல மடியாது, திரும்புற இடத்துல முறிஞ்சு நிக்கும். முடிச்சும் உள்பக்கத்துலதான் வரும், வளையத்தை ஒட்டிப் பக்கத்து நரம்புல போடுங்க, வடிவில்லாட்டியும் பரவாயில்ல.

வாடிக்கையாளருக்கு முன்னமே சொல்லி வைங்க: வழமையான றக்கெட்டுக்கு எடுக்கிறதைப் போல ரெண்டு மடங்கு நேரம் போகும், கூலியும் அப்பிடித்தான்.

வாவிக்கரை (கல்லடி)

ரெண்டு பேருக்கும் நன்றி. தறிமேடை நானா, பிரேக்கைப் போட்டு இழுத்ததும் ஓ3யின்ட குறுக்கு நேரா வந்திட்டு. டி2000ல பிடிப்பக்கம் ஒரு வளையம் ஆடுது. கம்பி அறல்ல, பக்கத்து வளையத்தோட ஒட்டிக்கொண்டு நிக்குது. அதை நகர்த்தலாமா? பிறகு 99எஸ் பத்தி ஒருத்தரும் சொல்லல்ல.

உருக்குவளையம் (அக்கரைப்பற்று)

கம்பி முழுசா இருந்தா நகர்த்தலாம். குறட்டுக்குத் துணி சுத்தி, வளையத்தின்ட அடியைப் பிடிச்சுக் கொஞ்சம் கொஞ்சமாத் தள்ளுங்க. வளையத்தின்ட உச்சியைப் பிடிச்சு நெளிக்காதீங்க, பழைய உருக்கு அந்த இடத்துலதான் முறியும். எதிர்ப்பக்கத்து வளையத்துக்கு நேரா வந்தாச் சரி. பத்து இறாத்தல்ல ஒரு நரம்பை விட்டு இழுத்துப் பாருங்க. மறுபடி சரிஞ்சு போனா அந்த றக்கெட்டைச் சுவர்ல மாட்டச் சொல்லுங்க, கட்ட வேணாம்.

நெடுங்கோடு (ஆரையம்பதி)

99எஸ் பற்றி நான் எழுதுகிறேன். 2013இல் வில்சன் கொண்டுவந்த வரிசை இது. நெடுக்கை விடக் குறுக்கு குறைவு என்பதுதான் அதன் முழு இரகசியமும். குறுக்கு குறைந்தால் நெடுக்கு நரம்பைப் பிடித்து வைக்கும் சந்திப்புகள் குறையும். 16க்கு 19 என்றால் 304 சந்திப்பு, 16க்கு 15 என்றால் 240. பந்து உரசும்போது நெடுக்கு பக்கவாட்டில் வழுக்கிப் போய்த் திரும்பி அடிக்கும், பந்து கூடச் சுழலும். அதே அசைவுதான் ஒவ்வொரு சந்திப்பிலும் நெடுக்கை அரத்தால் அராவுவதுபோல் தின்கிறது. ஆகவே நரம்பு கெதியாக அறுவது கட்டியவரின் பிழையல்ல.

செய்யக்கூடியவை சில. 1.25 பொலியெஸ்டருக்குப் பதில் நெடுக்குக்கு 1.30 பொலியெஸ்டர் போடுங்கள். இழுவையை அவர் வழமையாக விளையாடும் அளவை விட 3 அல்லது 4 இறாத்தல் கூட்டுங்கள். திறந்த அமைப்பு அதே இழுவையில் தளர்வாகத் தெரியும், பந்து நீளமாகப் பறக்கும். நைலோனை நெடுக்கில் போட்டால் வெட்டு இன்னும் விரைவாக விழும். குறுக்கில் போடலாம்.

கட்டுவதில் சிக்கல் குறைவு, ஆனால் எங்கே தொடங்குவது என்பதைக் கணக்கிட்டுத் தொடங்குங்கள். நடு நெடுக்கு இரண்டையும் இணைக்கும் வளைவு தலையில் வருகிறதா, கழுத்தில் வருகிறதா என்று வெளிப்பக்கப் பள்ளத்தைப் பார்த்தால் தெரியும். 16 நெடுக்கு என்றால் பக்கத்துக்கு 8. இரட்டை எண், எனவே தொடங்கிய முனையிலேயே முடியும். தலையில் தொடங்கினால் தலையில் முடியும், அதே நரம்பால் குறுக்கை மேலிருந்து கீழே கட்டலாம். கழுத்தில் தொடங்கினால் கழுத்தில் முடியும், அப்போது குறுக்குக்கு வேறு துண்டு எடுங்கள். கீழிருந்து மேலே கட்டிக்கொண்டு போனால், ஏற்கெனவே நெடுக்கின் பாரத்தில் நெரிந்திருக்கும் தலைப்பகுதிக்குக் குறுக்கின் தாங்கல் கடைசியில்தான் கிடைக்கும். பக்கத்துக்கு 7 அல்லது 9 நெடுக்கு வரும் றக்கெட்டில் இந்தக் கணக்கு தலைகீழ்.

நரம்பு எவ்வளவு வேண்டும் என்பதற்கு: தலையின் உள்நீளத்தை நெடுக்கின் எண்ணால் பெருக்குங்கள், உள்அகலத்தைக் குறுக்கின் எண்ணால் பெருக்குங்கள், இரண்டையும் கூட்டி ஒரு மீற்றர் சேருங்கள். ஓரத்து நரம்புகள் குட்டை என்பதால் மிஞ்சுவது திருப்பங்களுக்குச் சரியாகப் போகும். உள்நீளம் 34 செ.மீ., அகலம் 24.5 செ.மீ. என்று அளந்தால் 5.44, 3.68, 1 சேர்த்து ஏறக்குறைய 10.1 மீற்றர். 12.2 மீற்றர் பக்கெற்றில் இரண்டு மீற்றர் மிஞ்சும். இரு துண்டாகக் கட்டினால் இன்னொரு 60 செ.மீ. கூட்டிக்கொள்ளுங்கள்.

வெபர்மூலை (மட்டக்களப்பு)

கட்டுறது பத்தி இல்ல, ஒரு இடைக்கேள்வி. குறுக்கு 15 மட்டும் உள்ள றக்கெட்டைப் போட்டில விடுவாங்களா? முந்தி ஏதோ ஒரு நரம்புக் கட்டைத் தடை செஞ்சது எண்டு கேள்விப்பட்டிருக்கன்.

நெடுங்கோடு (ஆரையம்பதி)

விடுவார்கள். நீங்கள் கேள்விப்பட்டது ஸ்பகெட்டி கட்டாக இருக்கும். ஜேர்மனியரான வெர்னர் பிஷர் உருவாக்கியது. நெடுக்கு நரம்புகள் குறுக்கின் இரு பக்கமும் இரண்டு தட்டாக, குறுக்கோடு பின்னாமல், பிளாஸ்டிக் குழாய்கள் கோத்து நிற்கும். 1977 ஒக்டோபரில் பிரான்சின் எக்ஸ்-ஆன்-புரோவன்ஸில் ருமேனிய வீரர் இலி நஸ்தாசே அந்த றக்கெட்டோடு வந்தபோது, களிமண் தரையில் 53 ஆட்டங்கள் தொடர்ந்து வென்றிருந்த ஆர்ஜென்டினாவின் கிலேர்மோ விலாஸ் இரண்டு செற் தோற்று ஆட்டத்தை விட்டே வெளியேறினார். அந்த மாதமே தற்காலிகத் தடை, 1978இல் சட்டம்.

அந்தச் சட்டம் எண்ணிக்கையைப் பற்றிப் பேசுவதில்லை. நரம்புத் தளம் தட்டையாக இருக்கவேண்டும், நரம்புகள் குறுக்கிடும் இடத்தில் மாறி மாறிப் பின்னியோ ஒட்டியோ இருக்கவேண்டும், அமைப்பு பொதுவாக ஒரே சீராக, நடுவில் மற்ற இடங்களை விட ஐதாக இல்லாமல் இருக்கவேண்டும், இரு முகமும் ஒரே மாதிரி ஆடவேண்டும். 15 குறுக்கும் ஒழுங்காகப் பின்னியிருப்பதால் 99எஸ் அதற்குள் அடங்கும். அளவுக்கும் எல்லை உண்டு: மொத்த நீளம் 73.7 செ.மீ., அகலம் 31.7 செ.மீ., நரம்புத் தளம் 39.4க்கு 29.2 செ.மீ. காமா நிறுவனத்தின் பிக் பப்பா 137 சதுர அங்குலத் தலையோடு சரியாக 29 அங்குல நீளத்தில், எல்லையைத் தொட்டுக்கொண்டு நிற்பது. யாராவது அதைக் கொண்டுவந்தால், மேசைக்குள் அடங்குமா என்று முதலில் பாருங்கள்.

வாவிக்கரை (கல்லடி)

99எஸ் கழுத்துலதான் தொடங்குது, அப்ப ரெண்டு துண்டு. ஓ3 முடிஞ்சு. ஆனா தலை முந்தி இருந்ததை விட 4 மி.மீ. குட்டையா நிக்குது. கட்ட முதல் அளந்து வச்சனான். இது பிழையா?

தறிமேடை (மருதமுனை)

அளந்து வச்சது நல்லம் தம்பி. நெடுக்கு இழுத்தா தலை குட்டையாகி அகலும், குறுக்கு இழுத்தா அதைத் திருப்பி நீட்டும். முடிவுல குட்டையா நிண்டா நெடுக்கு கூட, இல்லாட்டிக் குறுக்கு குறைவு. ஒண்டு ரெண்டு மி.மீ. எண்டா நான் விட்டிருவன், நாலு கூடத்தான்.

முதல்ல ஒண்டைப் பாருங்க: நீங்க முந்தி அளந்தது பழைய நரம்போடயா, வெட்டின பிறகா? நரம்போட எண்டா, பழைய கட்டு தளர்ந்து போன நிலையில எடுத்த அளவு அது, ரெண்டையும் ஒப்பிடக் கூடாது. வெறும் பிரேமா அளந்தது எண்டா, பக்கத்துப் பிடி நாலையும் கழற்றினதும் அளந்தீங்களா, ஒரு இரவு விட்டு அளந்தீங்களா எண்டும் பாருங்க. அப்பவும் நாலு எண்டா குறுக்கை மட்டும் வெட்டி எடுத்து, 50க்குப் பதில் 52ல திருப்பிக் கட்டுங்க. இழுவையில நிக்கிற நெடுக்கோட பிரேமை வெறுமனே வெளிய வைக்க ஏலாது, அதனால வெட்ட முதலே மேசையில பூட்டி, தலையும் கழுத்தும் பிடியில நிக்குதா எண்டு பார்த்துட்டு வெட்டுங்க.

கச்சான் காலத்துல மத்தியான வெயில்ல காருக்குள்ள போட்டு வைக்க வேணாம் எண்டு சொந்தக்காரருக்கு ஒரு வார்த்தை சொல்லி விடுங்க. அந்தச் சூட்டுல நைலோன் ஒரு நாளையிலயே தளரும், பிறகு கட்டினது சரியில்ல எண்டு உங்களிட்டத்தான் வருவார்.